தொட்டிக்குள் ஒரு மலைச்சரிவு: மண் சாய்வு மாதிரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழைக்காலம் வந்தால் எங்காவது ஒரு மலைப்பாதை சரிகிறது. சில வாரம் கழித்து யாராவது ஒரு மாணவர் வந்து, "கண்ணாடித் தொட்டியில் மண்ணைக் கொட்டி, மேலே தண்ணீர் தெளித்து இதையே செய்து பார்க்கலாமா?" என்று கேட்பார். தாராளமாகச் செய்யலாம். நானும் பல வருடம் அதைத்தான் செய்தேன். ஆனால் தொட்டியில் சரிவதற்கும் மலையில் சரிவதற்கும் நடுவில் ஒரு கணக்கு உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்க்காமல் செய்தால் சோதனை வெறும் வேடிக்கையாகவே முடியும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

மாதிரி என்று எதைச் சொல்கிறீர்கள்?

உண்மையான மண்ணால் கட்டிய சிறிய சாய்வு. மேசை மேல் வைக்கிற 30 செ.மீ. உயரத் தொட்டியும் மாதிரிதான், லாரியில் மண் கொண்டுவந்து கொட்டுகிற கான்கிரீட் வாய்க்காலும் மாதிரிதான். தெர்மோகோலில் செய்து பச்சை வண்ணம் பூசும் கண்காட்சி மலை இதில் சேராது. அது உடையாது. நமக்கு உடைய வேண்டும்.

கம்ப்யூட்டரிலேயே செய்துவிடலாமே, மண்ணை ஏன் சுமக்க வேண்டும்?

சாய்வு நிற்குமா விழுமா என்று ஒரு பாதுகாப்பு எண்ணைச் சொல்ல மென்பொருள் போதும். மடிக்கணினியில் சில நிமிட வேலை. ஆனால் மண் எப்படி நடந்துகொள்ளும் என்ற விதியை மென்பொருளுக்கு நாம்தான் எழுதிக் கொடுக்கிறோம். விதி தவறாக இருந்தால், அழகான வண்ணப் படத்தோடு தவறான விடை வரும். தொட்டியில் இருக்கும் மண்ணுக்கு யாரும் விதி எழுதிக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று, மென்பொருள் பெரும்பாலும் சரியத் தொடங்கும் கணம் வரைக்கும்தான் நன்றாகச் சொல்லும். அதற்குப் பிறகு மண் மெல்ல நகர்ந்து நிற்குமா, குழம்பாக மாறி ஊர் வரைக்கும் ஓடுமா என்பதில் தடுமாறுகிறது. ஆட்கள் சாவது இந்த இரண்டாவது கட்டத்தில்தான். முதலில் எங்கே உடைகிறது என்பதையும் மாதிரிகள்தான் எனக்குப் புரிய வைத்தன. மழை பெய்தால் மேலிருந்து ஒரு பெரிய கட்டி அப்படியே கழன்று வரும் என்று நினைத்திருந்தேன். மணல் மாதிரிகளில் பல தடவை பார்த்தது வேறு. தண்ணீர் கீழே இறங்கி அடிவாரத்தில் சேர்கிறது, அங்கே ஒரு கையளவு மண் முதலில் நழுவுகிறது, பிடிமானம் இழந்த அடுத்த துண்டு அதன் மேல் சாய்கிறது, இப்படியே உடைசல் மேல்நோக்கி ஏறுகிறது. அடிவாரத்தைத் தோண்டிச் சாலை போடுவதைக் கண்டால் மண் படித்தவர்களுக்கு ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்று அதைப் பார்த்தால் தெரியும்.

15 மீட்டர் மேட்டை 30 செ.மீ. ஆக்கினால் எல்லாமே 50இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், அப்படித்தானே?

இல்லை. ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஏறக்குறைய 18 கிலோநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். 15 மீட்டர் ஆழத்தில், மேலே இருக்கும் மண் கொடுக்கும் அழுத்தம் 18 × 15 = 270 கிலோபாஸ்கல். 30 செ.மீ. மாதிரியின் அடியில் 18 × 0.3 = 5.4 கிலோபாஸ்கல். இதுவரை எல்லாம் ஒழுங்காகவே 50இல் ஒரு பங்கு ஆகிவிட்டது. சுருங்காதது ஒன்று இருக்கிறது: மண்ணின் ஒட்டுத்திறன், அதாவது அழுத்தமே இல்லாவிட்டாலும் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் பலம். மேட்டில் அது 10 கிலோபாஸ்கல் என்றால், அதே மண்ணை அள்ளிவந்து தொட்டியில் அதே இறுக்கத்தில் போட்டாலும் 10தான். 270க்கு எதிரே 10 என்பது சிறு கைத்தாங்கல். 5.4க்கு எதிரே 10 என்பது இரும்புச் சட்டம் போட்ட மாதிரி.

இதை ஒரே எண்ணாகச் சொல்லலாம். 1937இல் டொனால்ட் டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் சாய்வுகளுக்காகத் தயாரித்த அட்டவணைகளின் அடிப்படை இதுதான்: ஒட்டுத்திறனை, எடையும் உயரமும் பெருக்கி வந்த தொகையால் வகுக்க வேண்டும். நம் மேட்டுக்கு அந்த எண் 0.037. மாதிரிக்கு 1.85. உராய்வே இல்லாத களிமண்ணாக இருந்தாலும், இந்த எண் சுமார் 0.26ஐத் தாண்டிவிட்டால் சுவரைப் போலச் செங்குத்தாக வெட்டினாலும் மண் நிற்கும். மாதிரி அந்த எல்லையைப்போல் ஏழு மடங்கு மேலே நிற்கிறது. அதைச் சரிய வைக்க மழை போதாது, மண்வெட்டிதான் வேண்டும்.

கடற்கரை ஈரமணலில் பிள்ளைகள் கட்டுகிற சிற்றிலின் சுவர் செங்குத்தாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்சம் தண்ணீர் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. அந்தப் பிடி ஓரிரு கிலோபாஸ்கல் இருந்தாலே அதிகம். ஆனால் ஒரு சாண் உயரச் சுவருக்கு அது தாராளம். அதே ஈரமணலில் பத்து மீட்டர் உயரத்துக்குச் சுவர் கட்டிப் பாருங்கள். இல்லை, கட்ட வேண்டாம்.

அப்படியானால் உலர்ந்த மணலில் செய்தால் பிரச்சினை தீர்ந்ததா?

பாதி தீர்ந்தது. ஒட்டுத்திறன் இல்லாத உலர்ந்த மணலுக்கு உயரம் ஒரு பொருட்டல்ல. ஒரு டம்ளர் மணலைக் கொட்டினாலும் ஒரு லாரி மணலைக் கொட்டினாலும் குவியல் ஏறக்குறைய ஒரே கோணத்தில் நிற்கிறது. அதனால்தான் மேசைத் தொட்டிகளில் மணல் இவ்வளவு பிரபலம்.

மீதிப் பாதி, மணல் அழுத்தத்தைப் பொறுத்துக் குணம் மாறுகிறது. நகரும்போது துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கடக்க வேண்டும். ஆகவே மணல் விரிந்துகொடுக்கப் பார்க்கிறது. ஆழத்தில் மேலே இருக்கும் பாரம் அந்த விரிவை அமுக்கிவிடும். தொட்டியில் அமுக்க ஆளில்லை. அதனால் அதே மணல் தொட்டியில் கூடுதல் பலசாலியாகத் தெரிகிறது. ஆழத்தில் நொறுங்கிச் சுருங்கக்கூடிய தளர்ந்த மணல்கூட மேசை மேல் விரியும் ரகமாக நடந்துகொள்ளும். தண்ணீரும் சேர்ந்துவிட்டால் இந்த வித்தியாசம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கீழே ஓரிகன் வாய்க்கால் பற்றிய பதிலில் அது வரும்.

துகளையும் 50இல் ஒரு பங்காக அரைத்துவிட்டால்?

மணலை அரைத்தால் வண்டல் வரும், வண்டலை அரைத்தால் களிமண் போன்ற மாவு வரும். தண்ணீர் கடக்கும் வேகம், ஒட்டும் தன்மை எல்லாம் மாறிவிடும். வேறு மண் ஆகிவிட்டதே! ஆகவே துகளைத் தொடுவதில்லை. அதற்கு ஒரு விலை உண்டு. மணலில் சரிவு நடக்கும் பட்டையின் தடிமன் பொதுவாகப் பத்து முதல் இருபது துகள் அளவு. 0.3 மி.மீ. மணலில் அது 3 முதல் 6 மி.மீ. மாதிரியை 50 மடங்கு பெரிதாக்கிப் படித்தால் 15 முதல் 30 செ.மீ. தடிமனாகத் தெரியும். மலையில் அப்படி இருக்காது. கூடியவரை மென்மணல் எடுங்கள், ஜல்லி கலந்த எம்-சாண்டை அப்படியே கொட்டாதீர்கள்.

சென்ட்ரிஃபியூஜ் என்கிறார்களே, அது இதில் எங்கே வருகிறது?

உயரத்தைக் குறைத்ததால் அழுத்தம் குறைந்தது. அதை ஈடுகட்ட மண்ணின் எடையைக் கூட்டினால்? ஐம்பதில் ஒரு பங்கு மாதிரியை, எடை ஐம்பது மடங்காகும் இடத்தில் வைத்தால் அடியில் மறுபடி 270 கிலோபாஸ்கல் வந்துவிடும். அப்படி ஓர் இடம் பூமியில் இல்லை. ஆகவே செயற்கையாக உண்டாக்குகிறார்கள். ஒரு நீண்ட கையின் முனையில் மாதிரிப் பெட்டியை ஊஞ்சல்போலத் தொங்கவிட்டுச் சுற்றுவார்கள். வேகம் ஏற ஏறப் பெட்டி வெளிப்பக்கமாக எழும்பிக் கிடைமட்டத்துக்கு வந்துவிடும். பெட்டிக்குள் இருக்கும் மண்ணுக்கு "கீழே" என்பது இப்போது வெளிப்பக்கம். குடை ராட்டினத்தில் சங்கிலி ஊஞ்சல் எழும்புவது போலத்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கை 4.5 மீட்டர் நீளம், 50 ஜி, அதாவது பூமியின் ஈர்ப்பைப்போல் 50 மடங்கு, வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 100 சுற்று போதும். கேட்க அதிகமாகத் தெரியாது. ஆனால் முனையில் இருக்கும் பெட்டி மணிக்கு 170 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும், உள்ளே நூற்றுக்கணக்கான கிலோ மண்ணோடு. அதனால்தான் இந்த எந்திரம் தடித்த கான்கிரீட் சுவருக்குள் இருக்கும். சுற்றும்போது பக்கத்தில் யாரும் நிற்பதில்லை, எல்லாவற்றையும் கேமராவில்தான் பார்ப்பார்கள்.

யோசனை பழையது. 1869இல் எதுவார் பிலிப்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர், இங்கிலாந்துக் கால்வாய்க்குக் குறுக்கே பாலம் கட்டுவது பற்றிய பேச்சு நடந்தபோது, மாதிரியைச் சுழற்றிச் சோதிக்கலாம் என்று பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் சொன்னார். செய்து பார்க்கத்தான் ஆள் இல்லை. 1931இல் அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிலிப் பக்கி சுரங்கக் கூரை மாதிரிகளைச் சுழற்றினார். அதே காலத்தில் சோவியத் நாட்டில் போக்ரோவ்ஸ்கியும் டேவிடென்கோவும் தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள்தான் மண் சாய்வுகளை முழுமூச்சாகச் சுற்றியவர்கள். பிறகு 1960களில் ஜப்பானில் மிகாசா, இங்கிலாந்தில் ஆண்ட்ரூ ஸ்கோஃபீல்ட் என்று பரவியது.

சாய்வுக்கு இதில் ஓர் அழகான உத்தி உண்டு. வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகலாம். 20 செ.மீ. களிமண் சாய்வு 40 ஜியில் உடைந்தால், அந்த மண்ணில் அந்தக் கோணத்தில் சுமார் 8 மீட்டர் உயரம்தான் எல்லை என்று அர்த்தம். ஒரே மாதிரியை வைத்துக்கொண்டு மேட்டை வளர்த்துக்கொண்டே போன மாதிரி.

மழையையும் சுற்றுகிற எந்திரத்துக்குள் பெய்விக்க முடியுமா? எவ்வளவு நேரம் பெய்ய வேண்டும்?

முடியும். பெட்டியின் மேல்மூடியில் பனித்துளிபோலத் தூவும் நுண்குழாய்கள் பொருத்துவார்கள். நேரக் கணக்குதான் வேடிக்கை. மண்ணுக்குள் நீர் பரவ ஆகும் நேரம் அளவு விகிதத்தின் வர்க்கமாகக் குறைகிறது. 50 ஜியில் அது 2500இல் ஒரு பங்கு. ஆகவே ஒரு முழு நாள் மழையை 35 விநாடியில் பெய்துமுடிக்க வேண்டும். மழையின் கடுமை 50 மடங்காக வேண்டும். மணிக்கு 10 மி.மீ. மழை என்றால் மாதிரியில் மணிக்கு 500 மி.மீ. பயப்பட வேண்டாம், 35 விநாடியில் மொத்தம் பெய்வது 4.8 மி.மீ.தான். அது 240 மி.மீ. மழையின் 50இல் ஒரு பங்கு. கணக்கு உதைக்கவில்லை.

உதைக்கிற இடம் நிலநடுக்கம். அதிர்வின் நேரம் 50இல் ஒரு பங்காகத்தான் சுருங்கும், நீர் பரவும் நேரமோ 2500இல் ஒரு பங்கு. இரண்டும் ஒத்துப்போகாது. தீர்வு என்ன தெரியுமா? தண்ணீருக்குப் பதில் ஐம்பது மடங்கு கெட்டியான திரவத்தை மண்ணில் நிரப்புவது. சிலிக்கான் எண்ணெயோ, தண்ணீரில் கரைத்த மெத்தில் செல்லுலோஸ் கஞ்சியோ போடுவார்கள். பெட்டியைக் கழுவுபவர் பாடு திண்டாட்டம்.

அப்படியானால் சென்ட்ரிஃபியூஜ் சொன்னால் சரிதானே?

அதற்கும் தன் குறைகள் உண்டு. எடை எங்கும் ஒரே அளவாக இருக்காது. மையத்திலிருந்து தூரம் கூடக் கூட ஜி கூடும். 4.5 மீட்டர் கையில் 30 செ.மீ. மாதிரிக்கு மேலும் கீழும் 6, 7 சதவீத வித்தியாசம் வரும். விழுகிற மழைத்துளி நேராக விழாமல் ஒருபக்கம் ஒதுங்கும். சரிந்து ஓடும் மண்ணின் பாதையும் அப்படியே கொஞ்சம் வளையும். துகள் அளவுப் பிரச்சினையும் போகவில்லை. அப்புறம் பெட்டிக்குள் அடங்கும் மண்ணை, மலையில் ஆயிரக்கணக்கான வருடம் ஊறி, வெடித்து, வேர் பாய்ந்து கிடக்கும் மண்ணுக்கு நிகர் என்று சொல்ல முடியாது.

இந்தியாவில் பார்க்க வேண்டுமானால், மும்பை ஐஐடியில் 4.5 மீட்டர் ஆரமுள்ள பெரிய எந்திரம் இருக்கிறது. மழையால் சரியும் சாய்வுகள், வலுவூட்டிய மண் சாய்வுகள் என்று அங்கிருந்து நிறைய வேலை வந்திருக்கிறது.

ஒரே மண், ஒரே சாய்வு. ஒரு தடவை மெல்ல நகர்கிறது, இன்னொரு தடவை பாய்ந்து ஓடுகிறது. நான் என்ன தவறு செய்தேன்?

தவறு என்று எதுவும் இல்லாமலும் இருக்கலாம். மண்ணை எவ்வளவு இறுக்கிப் போட்டீர்கள் என்று பாருங்கள்.

இதைச் சந்தேகமில்லாமல் காட்டியது அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் வாய்க்கால். ஓரிகன் மாநிலக் காட்டுக்குள், 95 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்தில், 31 டிகிரி சாய்வாக 1991இல் கட்டிய கான்கிரீட் வாய்க்கால் அது. அழுத்தத்தைச் சுருக்கும் தொல்லையே வேண்டாம், பெரிதாகவே செய்துவிடுவோம் என்ற வழி. ரிச்சர்ட் ஐவர்சனும் கூட்டாளிகளும் அதில் சுமார் 6 கன மீட்டர் மண்ணை வைத்துத் தண்ணீர் தெளித்துச் சரிய வைத்தார்கள். முடிவு 2000இல் வெளியானது. மண்ணின் கன அளவில் பாதி வெற்றிடமாக இருக்கும்படி தளர்வாகப் போட்டபோது, சரியத் தொடங்கிய ஒரு விநாடிக்குள் வேகம் விநாடிக்கு 1 மீட்டரைத் தாண்டியது. வெற்றிடம் சுமார் 40 சதவீதமாக இருக்கும்படி இறுக்கிப் போட்டபோது, விட்டு விட்டு, சராசரியாக விநாடிக்கு 2 மி.மீ. என்று ஊர்ந்தது. மண்ணும் சாய்வும் அதேதான். பத்து சதவீத வெற்றிடம்தான் வித்தியாசம்.

காரணம், தளர்ந்த மண் நகரும்போது சுருங்குகிறது. துளைகளில் இருக்கும் தண்ணீருக்கு ஓட நேரமில்லை, பாரம் தண்ணீர் மேல் விழுகிறது, நீரழுத்தம் ஏறுகிறது, துகள்கள் மிதக்கத் தொடங்கி மண் குழம்பாகிறது. இறுகிய மண் நகரும்போது விரிகிறது. துளைகள் பெரிதாகி நீரழுத்தம் இறங்குகிறது, மண் தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறது, மறுபடி தண்ணீர் நுழைந்ததும் இன்னும் கொஞ்சம் நழுவுகிறது. ஆகவே தொட்டியில் மண் போட்டு எடையும் கன அளவும் குறிக்காமல் செய்த சோதனையை நான் சோதனையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

சரியப்போகும் நேரத்தை முன்கூட்டியே சொல்ல மாதிரி உதவுமா?

உதவியிருக்கிறது. ஜப்பானில் தெருகி ஃபுகுசோனோ செயற்கை மழையில் பெரிய மண் மாதிரிகளைச் சரிய வைத்து, மேற்பரப்பு நகரும் வேகத்தை அளந்தார். 1985இல் அவர் சொன்ன வழி மிக எளியது: வேகத்தைத் தலைகீழாக்கி, அதாவது 1ஐ வேகத்தால் வகுத்து, நேரத்துக்கு எதிராகப் புள்ளி வையுங்கள். உடைவதற்கு முன் புள்ளிகள் இறங்குகின்றன, பல சமயம் நேர்கோடாக. கோடு பூஜ்யத்தைத் தொடும் நேரம்தான் சரியும் நேரம்.

உதாரணமாக, ஒரு சாய்வு மணிக்கு 1 மி.மீ., அடுத்த மணியில் 1.25, பிறகு 1.67, பிறகு 2.5 என்று வேகம் பிடிக்கிறது. தலைகீழாக்கினால் 1, 0.8, 0.6, 0.4. மணிக்கு 0.2 இறங்குகிறது, இன்னும் இரண்டு மணி நேரத்தில் பூஜ்யம். சுரங்கப் பள்ளங்களிலும் மலைச்சரிவுகளிலும் இன்றைக்கும் இந்தக் கோட்டைத்தான் போடுகிறார்கள். மழை திடீரென்று நின்றாலோ வலுத்தாலோ கோடு வளையும் என்பதை மறக்கக் கூடாது. மேசைத் தொட்டியில் ஒரு கைப்பேசி கேமராவும் சுவரில் ஒட்டிய அளவுகோலும் இருந்தால் நீங்களே இதைச் செய்து பார்க்கலாம். மாதிரிச் சோதனையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

இவ்வளவு தொல்லை எதற்கு? உண்மையான மலையிலேயே தண்ணீர் தெளித்துப் பார்த்தால் என்ன?

பார்த்தார்கள். ஜப்பானில் கவாசாகி நகரின் இகுதாவில், 1971 நவம்பர் 11 அன்று, எரிமலைச் சாம்பல் மண் மூடிய ஒரு இயற்கைச் சாய்வில் செயற்கை மழை பெய்வித்துச் சரிய வைக்கும் சோதனை நடந்தது. ஆய்வாளர்களும் செய்தியாளர்களும் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண் எதிர்பார்த்ததைவிட வேகமாக, எதிர்பார்த்ததைவிடத் தூரமாக வந்தது. 15 பேர் இறந்தார்கள். சரிந்து எங்கே நிற்கும் என்று தெரிந்துகொள்ளச் செய்யும் சோதனையில், எங்கே நிற்கும் என்பது தெரிந்ததுபோல நின்றுவிட்டார்கள். எப்போது சரியும் என்ற கேள்வியைவிட எவ்வளவு தூரம் ஓடும் என்ற கேள்வி கடினம் என்று நான் சொல்வது இதனால்தான்.

மாதிரி பொய் சொல்லிய கதை உண்டா?

உண்டு. அது மண் அல்ல, பாறைச் சரிவு. ஆனாலும் மாதிரி செய்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. இத்தாலியின் வயோன்ட் அணைக்கு மேல் தொக் மலை நகர்ந்துகொண்டிருப்பது கட்டியவர்களுக்குத் தெரியும். அது நீர்த்தேக்கத்தில் விழுந்தால் அலை எவ்வளவு எழும்பும் என்று பார்க்க, 200இல் ஒரு பங்கு மாதிரி செய்தார்கள். சரியும் மலைக்குப் பதிலாக அதில் போட்டது கூழாங்கல். நீர்மட்டத்தை, கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டு, 700 மீட்டருக்கு இறக்கி வைத்தால் பயமில்லை என்று முடிவு வந்தது. 1963 அக்டோபர் 9 இரவு, மட்டம் ஏறக்குறைய அங்கேதான் இருந்தது. 25 கோடி கன மீட்டருக்கும் அதிகமான பாறை, சிதறாமல் ஒரே கட்டியாக, ஒரு நிமிடத்துக்குள் விழுந்தது. அணை நின்றது. அதைத் தாண்டிக் குதித்த தண்ணீரில் லோங்கரோனே ஊரும் பக்கத்துக் கிராமங்களும் போயின. இறந்தவர்கள் ஏறக்குறைய 2000 பேர்.

மாதிரியில் நீரின் கணக்கு சரிதான். விழுகிற பொருள்தான் தவறு. உதிரியாகச் சரியும் கல் தண்ணீரைத் தள்ளுவதும், ஒரே கட்டி தள்ளுவதும் ஒன்றல்ல.

நீலகிரி செம்மண்ணையோ தேயிலை மலை மண்ணையோ சாக்கில் கட்டிக் கொண்டுவந்து போடலாமா?

இந்தக் கேள்வி கேட்பவர்களில் பலருக்கு அது சொந்தக் கவலை. 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2014 அக்டோபர் 29இல் இலங்கையின் பதுளை மாவட்டம் மீரியபெத்தையிலும், 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியிலும் மண்ணுக்குள் போனவை தோட்டத் தொழிலாளிகளின் லயன் வீடுகள்.

மண்ணைக் கொண்டுவரலாம். ஆனால் அந்த மண்ணுக்கு இடத்திலேயே ஒரு கட்டமைப்பு உண்டு. பாறை அழுகி மண்ணான பிறகும் அதன் பழைய விரிசல்கள் அப்படியே இருக்கும், இரும்புச் சத்து துகள்களை ஒட்டியிருக்கும், தண்ணீர் ஓடும் குழாய் போன்ற துவாரங்கள் உள்ளே இருக்கும். சாக்கில் போட்டுக் குலுக்கி, உடைத்து, சலித்துத் தொட்டியில் இட்டால் அவ்வளவும் போய்விடும். மிஞ்சுவது அந்த மலையின் மண், அந்த மலை அல்ல. மழை எவ்வளவு வேகமாக உள்ளே இறங்குகிறது, ஈரம் கூடினால் பலம் எவ்வளவு குறைகிறது என்ற கேள்விகளுக்கு அது உதவும். "எங்கள் எஸ்டேட் சரியுமா?" என்ற கேள்விக்கு உதவாது. அதற்குத் துளையிட்டு, நீர்மட்டம் பார்த்து, விரிசலை அளக்கும் ஆட்கள் மலைக்கே போக வேண்டும்.

வேர்களைப் பற்றியும் கேட்பார்கள். ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் முப்பரிமாண அச்சில் பிளாஸ்டிக் வேர்களைச் செய்து, மண்ணில் பதித்துச் சுழற்றிப் பார்த்திருக்கிறார்கள். மேசைத் தொட்டியில் வெட்டிவேர் நட்டால், வேரும் உண்மை அளவில் இருக்கும், மண் பாரம் மட்டும் சுருங்கியிருக்கும். அது சாதகமாகத்தான் முடியும், நம்பாதீர்கள்.

சரி, நானே ஒன்று செய்கிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும்?

பார்க்கும் பக்கம் கண்ணாடி வையுங்கள். அக்ரிலிக் மலிவுதான், நாலு சோதனையில் மணல் கீறிக் கலங்கிவிடும். அகலம் உயரத்தைவிடக் குறையக் கூடாது, இல்லாவிட்டால் பக்கச் சுவர்களே மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மேலிருந்து பார்க்கும்போது வெடிப்பு நேராக இல்லாமல் பிறைபோல வளைந்திருந்தால், சுவர் பிடிக்கிறது என்று அர்த்தம்.

மணலை ஒரே உயரத்திலிருந்து தூவினால் எங்கும் ஒரே இறுக்கம் கிடைக்கும். ஈர மணலானால் அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்குக்கும் எடை போட்டு, குறித்த தடிமனுக்குத் தட்டி இறக்குங்கள். இரண்டு விரற்கடைக்கு ஒரு தடவை கண்ணாடி ஓரமாகக் கலர் கோலப்பொடியில் ஒரு கோடு இழுங்கள். கல்மாவுக் கோலப்பொடிதான், அரிசிமாவு ஈரத்தில் பசையாகிவிடும். சரிந்த பிறகு கோடு எங்கே வெட்டுப்பட்டிருக்கிறதோ அதுதான் சரிவுப் பரப்பு. ஆய்வுக்கூடங்களில் அடுத்தடுத்த புகைப்படங்களை ஒப்பிட்டு ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு நகர்ந்தது என்று மென்பொருளால் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் கோலப்பொடிக் கோட்டைப் பார்த்ததும் புரிகிற அளவுக்கு வேறு எதிலும் புரிவதில்லை.

மழைதான் எல்லோரும் சொதப்பும் இடம். என் முதல் சோதனையில் பூவாளியால் ஊற்றினேன். மூன்று மணி நேரம் கழித்து மேலே ஓடை ஓடையாக அரித்திருந்தது, சரிவு ஒன்றும் இல்லை. அரிப்பு வேறு, சரிவு வேறு. தோட்டத்துக்கு விற்கும் பனித்தூவல் முனைகளை வைத்து, மண் உறிஞ்சும் வேகத்துக்குக் குறைவாகத் தூவுங்கள். அதற்கு முன் சாய்வு இருக்கப்போகும் இடத்தில் பத்து டம்ளர்களை வரிசையாக வைத்துத் தூவி, எல்லாவற்றிலும் ஒரே அளவு சேர்கிறதா என்று பாருங்கள். அடிவாரத்தில் தண்ணீர் வெளியேற வழி விடுங்கள். நீர்மட்டம் தெரிய அடித்தட்டில் துளையிட்டு ஒளி ஊடுருவும் மெல்லிய குழாய்களைச் செங்குத்தாக இணைத்தால் போதும்.

ஒரே சோதனையை மூன்று தடவையாவது செய்யுங்கள். மூன்றும் மூன்று விதமாக வந்தால் மண் போடும் கை இன்னும் பழகவில்லை.

அறிக்கையில் "ஆகவே இந்தச் சாய்வு 35 டிகிரியில் சரியும்" என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். தொட்டி மாதிரியிலிருந்து மலைக்கு எடுத்துப்போகத் தகுந்தது, எங்கே தொடங்கியது, எந்த வரிசையில் பரவியது, நீரழுத்தம் ஏறிய பிறகு எவ்வளவு நேரத்தில் நகர்ந்தது என்ற நடைமுறைதான். கோணமும் உயரமும் மணி நேரமும் அந்தத் தொட்டிக்குச் சொந்தம். அந்த எண்கள் வேண்டும் என்றால் சென்ட்ரிஃபியூஜுக்குப் போக வேண்டும், அங்கேயும் மேலே சொன்ன குறைகளை ஒரு பத்தியில் எழுதியே ஆக வேண்டும்.

சோதனை முடிந்த மண்ணை மறுபடி பயன்படுத்தலாமா?

ஆற்றுமணலை வெயிலில் காயவைத்து, கோலப்பொடி போகச் சலித்து எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். நுண்துகள்கள் தண்ணீரோடு போய்விடும், ஆகவே நாலைந்து சோதனைக்கு ஒரு தடவை சல்லடைச் சோதனை செய்துகொள்ளுங்கள். களிமண்ணை மறுபடி குழம்பாகக் கரைத்து, பாரம் ஏற்றித் தண்ணீரைப் பிழிந்து இறுக்க வேண்டும். அதற்குச் சில சமயம் வாரக்கணக்கில் ஆகும், புதிதாக வாங்குவதே மலிவு. எண்ணெயிட்ட மண்ணை யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள், சாக்கடையிலும் கொட்டக் கூடாது. எங்கே போடுவது என்று சோதனைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.